நாற்காலிக்குக் கொடுத்துவைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விசேஷத்தில் நான் அழுதுவிட்டேன்.

எங்கள் வீட்டு விசேஷம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. ஈப்போவில் ஒரு கோயில் மண்டபம், நாற்காலி பற்றாத கூட்டம், மைக்கில் யாரோ நேரம் காலம் தெரியாமல் அன்பளிப்புப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு கிட்டே வந்ததும் அது வீல் என்று கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னாம்மா இது, ஒங்க மவளுக்குக் குத்துனப்பகூட நீங்க அழலியே,” என்றார் கமலாக்கா. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் எப்போது அழுதார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“சாம்பிராணிப் புகைக்கா,” என்றேன்.

அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். காரணம் வேறு... அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: பேராக்கில் ஒரு சிறைச்சாலையில் நான் உதவி உளவியலாளர். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். ஈப்போவிலிருந்து வடக்கே போகிறேனா தெற்கே போகிறேனா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

இந்த வேலையைச் சொன்னதும் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். “ஜெயில்லயா, பயமா இல்ல?” இல்லையென்றால், “அப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்.” ஒரு முறை ஒரு மாமி உள்ளங்கையையே நீட்டிவிட்டார். நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்?

என் வேலை கேட்பது. யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, யார் திடீரென்று தன் பொருட்களையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்... கேட்டு, கவனித்து, மேலே சொல்வது. முடிவெடுப்பது எங்கள் உளவியலாளர். மலாய்ப் பெண்மணி, புவான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் மட்டும் புவான் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

அப்படித்தான் சேகர் என்னிடம் வந்தார். பெயர் அதுவல்ல. எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க மிஸ், பேர மட்டும் போட்ராதீங்க,” என்றார். மாற்றிவிட்டேன்.

முப்பது வயதைத் தாண்டியவர். லாரி ஓட்டியவர். என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார் என்பது இங்கே தேவையில்லை. செய்தார்; செய்யவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பர் போய் அங்கே இப்போது செம்பனை எண்ணெய் மரங்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஈப்போ பிளாட்டுகளுக்கு வந்துவிட்டன. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு தங்கச்சி வனிதாவைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தது இவர்தான். மாப்பிள்ளை குணா தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

வனிதாவுக்குப் பெண் குழந்தை. தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். அது கைக்குழந்தையாக இருந்தபோது இவர் பிடிபட்டார்.

காது ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? ஒரு வயதில் குத்தலாம் என்று இருந்தார்கள். மாமன் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். மூன்றில் குத்தலாம் என்றார்கள், மாமன் உள்ளே. ஐந்திலும் உள்ளே. “எங்கண்ணன் வந்துதான் குத்தணும்,” என்று வனிதா ஒற்றைக் காலில் நின்றாள். மாமா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று குழந்தைக்குச் சொல்லியிருந்தார்கள். குணாவின் அம்மாவுக்கும் அதே கதைதான்.

முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்தபோது சேகர் காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். தோட்டத்துக் கோயில்ல மாமா மடியில வச்சு எனக்குக் கடுக்கன் போட்டாங்க. உள்ள வந்த அன்னிக்கே கழட்டச் சொல்லிட்டாங்க. இப்ப பாருங்க, ஓட்ட தூந்து போச்சு.”

அவ்வளவுதான் பேசினார்.  தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பக்கத்து ஆளோடு சண்டை.

நாங்கள் குழுவாக உட்கார வைத்து ஒரு பயிற்சி கொடுப்போம். வெளியே போனதும் நீங்கள் செய்யப்போகும் ஒரு காரியம் என்ன? ஒரே ஒன்றை எழுதுங்கள். வேலை தேடுவேன், அம்மாவைப் பார்ப்பேன், மீன் பிடிக்கப் போவேன் என்று எழுதுவார்கள். சேகர் தன் அட்டையில் மலாயில் ‘மடி’ என்று பொருள்படும் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். புவானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தாய்மாமன், சீர், ஆசாரி, ஒற்றைப்படை வயது என்று அரைமணி நேரம் நான் விளக்கவேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் புவானின் கண் கலங்கியிருந்தது.

“அப்படியென்றால் இதையே பிடித்துக்கொள்ளுங்கள்,” என்றார்.

பிடித்துக்கொண்டோம். தூக்கம் வராதபோது அந்த மடியை நினையுங்கள். கோபம் வரும்போது அந்தக் குழந்தையை நினையுங்கள். பிரமாதமாக வேலை செய்தது. சண்டை நின்றது. தையல் பட்டறையில் சேர்ந்தார். மிச்சத் துணியில் மருமகளுக்குப் பாவாடை ஒன்று தைத்துக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினார். தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியுமா?

“ஏழு வயசுப் புள்ள எவ்ளோ ஒசரம் இருக்கும் மிஸ்?” என்று ஒரு நாள் கேட்டார். என் மகள் ஏழு வயதில் இருந்த உயரத்தை நினைத்துப் பார்த்து, என் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டார்.

ஏழு வயது ஏன் என்றால், நன்னடத்தைக்காக முன்கூட்டியே வெளியே விடும் திட்டத்தில் சேகரின் பெயர் வந்திருந்தது. கிடைத்தால், தர்ஷினிக்கு எட்டு பிறப்பதற்குள் அவர் வெளியே இருப்பார். நடுவில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வெளியே யாராவது பொறுப்பேற்க வேண்டும். அதற்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேச வேண்டும்.

பரோல் அதிகாரியோடு, தமிழ் பேசுவதற்காக, நானும் போனேன்.

மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று வனிதா எங்களை இன்சூரன்ஸ்காரர்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தம்மா முட்டி வலிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டார். பரோல் அதிகாரி, மலாய்க்காரர், பாவம்... என்ன கேட்டார் என்று புரியாமலே தலையை ஆட்டினார். அந்தம்மா இன்னும் அந்தப் பணத்துக்குக் காத்திருக்கிறாரோ என்னவோ.

அப்போது உள் அறையிலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். என் முன்னால் வந்து நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

“ஆன்டி, என் தோடு நல்லா இருக்கா?”

காதில் சின்னதாக ஒரு சிவப்புக் கல் தோடு.  வனிதா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஸ்கூல்ல எல்லாம் கேலி பண்றாங்க மிஸ். நீ பையனா, பொண்ணா, காதுல ஒண்ணுமே இல்லன்னு. தெனம் அழுதுகிட்டே வாரா. அவரும் எத்தன நாளுக்குதான் சும்மா இருப்பாரு? கொழுந்தனார் மடியில வச்சுக் குத்திரலாம்னு அவங்க அம்மா வேற நச்சரிக்கிறாங்க. அதான் ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் நேரா நம்ம ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். நகைக் கடையில மெஷின் வச்சுக் குத்திட்டாங்க.”

“யார் மடியில?”

அவள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

“யாரு மடியிலயும் இல்ல மிஸ். அண்ணன் எடத்துல இன்னொருத்தர ஒக்கார வைக்க மனசு வரல. கடையில ஒரு பிளாஸ்டிக் நாக்காலி இருந்துச்சு. அதுல ஒக்கார வச்சேன்.”

குணா கெட்டவர் இல்லை. இதை நான் சத்தமாகவே சொல்ல வேண்டும். “கையெழுத்துப் போடுறேன் மிஸ். பிள்ள இருக்கிற வீடு, அக்கம்பக்கம் இருக்கு, அதனால இங்க தங்க வேணாம். காம்பார் டவுன்ல என் கூட்டாளி ரூம் இருக்கு, வேலையும் பாத்து வைக்கிறேன்,” என்றார். அதற்குமேல் ஒரு மனிதரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

கிளம்பும்போது வனிதா வாசல் வரை வந்தாள். “அண்ணன்கிட்ட இப்ப சொல்லிராதீங்க மிஸ். வெளிய வந்தப்புறம் நானே கால்ல விழுந்து சொல்லிக்கிறேன்.”

புவானிடம் சொன்னேன்.  இதைத் தங்கைதான் சொல்ல வேண்டும், நாம் சொன்னால் ஏதோ ரிப்போர்ட் வாசித்த மாதிரி ஆகிவிடும், வெளியே வரும்வரை தள்ளிப்போடவும் கூடாது, அடுத்த சந்திப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள் என்றார். சரியான முடிவு. இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். வனிதாவும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். ஆனால் அடுத்த சந்திப்புக்கு அவள் வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை.

இடையில் சேகர் பாவாடையைத் தைத்து முடித்துவிட்டார். மெரூன் கலர். கீழே கொஞ்சம் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார்; பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடலாம் என்றார். மேசைமேல் விரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். 

“நல்லா இருக்கு சேகர்,” என்றேன். நல்லாத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் வனிதா வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போனை எடுத்து, சொல்லிவிட்டாள். மறுநாள் சேகர் என் அறைக்கு வந்தார். அழவில்லை. சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

“நாக்காலியில ஒக்கார வச்சுக் குத்துனாங்களாம் மிஸ்.”

“தெரியும் சேகர்.”

“தெரியுமா?” என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “பரவால்ல மிஸ். நீங்க என்ன பண்ணுவீங்க. அழுதாளான்னு கேட்டேன். அழவே இல்லியாம். நாக்காலியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாளாம்.”

காது மடலைத் தடவிக்கொண்டார்.

“அந்த நாக்காலிக்குக் குடுத்து வச்சிருக்கு மிஸ்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்விடுதலைக்கான நேர்காணல் வந்தது. எல்லாம் தயாராக இருந்தது. குணாவின் கையெழுத்து, காம்பார் ரூம், வேலை. சேகர் உள்ளே போய், அதிகாரியிடம் “வேணாம் துவான். முழுசா இருந்துட்டே போறேன்,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் கோபப்பட்டேன். கோபப்படக்கூடாதுதான், படித்திருக்கிறேன், சர்டிபிகேட் இருக்கிறது. ஆனாலும் பட்டேன். “எதுக்கு இப்படிப் பண்ணீங்க? ஒங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் எவ்வளவு அலைஞ்சாங்க தெரியுமா?”

“மாமன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல போய் நிக்க ஒரு காரணம் இருந்துச்சு மிஸ். வாங்க, மடியில வச்சுக்கங்கன்னு கூப்பிட்டே ஆகணும். இப்ப என்னன்னு சொல்லிட்டுப் போய் நிக்கிறது? ஜெயில்லருந்து வந்திருக்கேன்னா?”

 

எங்கள் குழுப் பயிற்சிக்கு வரும் ஒரு சீனப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர் வெளியே போகும் அன்று வீட்டில் பன்றிக்கால் போட்டு மீசுவா நூடுல்ஸ் சமைத்து வைத்திருப்பார்களாம். அதைச் சாப்பிட்டு எழுந்தால் பழைய பீடை கழிந்தது, வீட்டு மனிதன் வீட்டுக்கு வந்துவிட்டான். நமக்கு என்ன இருக்கிறது? நாம் எதற்குத்தான் சடங்கு வைத்திருக்கவில்லை? பிள்ளைக்குப் பெயர் வைக்க, மொட்டை போட, வயதுக்கு வந்தால், வீடு குடிபுகுந்தால். புதுக் கார் வாங்கினால் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சிறையிலிருந்து வருகிறவனை மட்டும் எப்படி உள்ளே கூப்பிடுவது என்று நமக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கிறான் என்று சொல்லத்தான் தெரியும்.

சேகர் தனக்கென்று ஒரு வாசலைக் காதுகுத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். நாங்களும் அந்த ஒரு வாசலையே காட்டிக் காட்டி அவரை நடக்க வைத்தோம். அது அடைபட்டபோது இன்னொரு வாசல் இருக்கிறது என்று காட்ட எங்களுக்கு எதுவும் இல்லை. இந்த வருத்தம் எனக்குப் போகவே போகாது. கார் ஓட்டும்போது வரும், வெங்காயம் நறுக்கும்போது வரும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஞாயிற்றுக்கிழமை அழுதிருக்க மாட்டேன்.

அண்மையில் வனிதா ஆபீசுக்குப் போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

“மிஸ், தோடு சேரல. காது புண்ணாகி சீழ் வச்சிருச்சு. கழட்டிட்டு மருந்து போட்டோம். புண்ணு ஆறி... ரெண்டு காதும் தூந்து போச்சு மிஸ். மறுபடிதான் குத்தணும். பாப்பாவே, மாமா வரட்டும்மா, அந்தக் கடை வேணாம்கிறா. அண்ணன்கிட்ட சொல்லவா?”

போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சேகர் வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான்; அந்த வாய்ப்பு போய்விட்டது. இனி முழுத் தண்டனையும் முடிந்துதான் வருவார். மறுபடியும் அதே ஆணியில் அந்த மனிதனைத் தொங்கவிடுவதா? புவானிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. முதல் முறையாக, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று என்னைக் கேட்டார்.

போன தடவை வாயை மூடிக்கொண்டிருந்தோமே, என்ன நல்லது நடந்தது?

“சொல்லுங்க வனிதா,” என்றேன். “இந்த வாரமே வந்து சொல்லுங்க.”

வந்து சொன்னாள். சேகர் என் அறைக்கு வந்தபோது நின்றுகொண்டே பேசினார். “நா வெளிய போறப்ப அவளுக்கு ஒம்போது மிஸ். ஒத்தப்படைதான்.” அவர் கணக்கு சரி. பாவாடையின் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று பட்டறைப் பொறுப்பாளர் என்னிடம் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குப் போனேன். என் மகளும் வந்திருந்தாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நாற்காலி பற்றவில்லை என்று சொன்னேன் அல்லவா? நின்றுகொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தேன். “வாடா, அம்மா மடியில உக்காரு.”

அவள் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று ஒரு பார்வை. பிறகு மெல்லிய குரலில், “ஐயோ மா, நான் என்ன பேபியா? ஷேம்லா.”

கமலாக்காவிடம் நான் சொன்ன சாம்பிராணிப் புகை அதுதான்.

திங்கட்கிழமை காலையில் சேகர் வந்து உட்கார்ந்தார். கையில் பாவாடை. கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

“ஒம்போது வயசுப் புள்ள எவ்ளோ ஒசரம் இருக்கும் மிஸ்?”

எழுந்து நின்று, என் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன். உயரத்தை மட்டும்தான் சொன்னேன்.